ஆயில் மீட்டரை நம்பலாமா?
லாரி வைத்திருக்கும் வியாபாரிகளுக்கும் உதிரிபாகக் கடைக்காரர்களுக்கும் சில பாடங்கள்

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் வியாபாரம் செய்யும் நமக்கு லாரி இல்லாமல் ஒரு நாளும் நகராது. வத்தல், மல்லி, பருத்தி, மக்காச்சோளம், சீமைக்கருவேல் கரி என்று இங்கிருந்து போகும் சரக்கும், விருதுநகர், மதுரை, தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கும் சரக்கும் பெரும்பாலும் லாரியில்தான். நம் உறுப்பினர்களில் பலர் சொந்தமாக ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கிறார்கள். அவற்றில் அதிகமானவை நாலு கை மாறி வந்த பழைய டீசல் வண்டிகள்.

அப்படிப்பட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்து டேஷ்போர்டைப் பாருங்கள். கம்பெனி பொருத்திய ஆயில் பிரஷர் மீட்டர் எப்போதோ செத்துப்போயிருக்கும். அதன் இடத்தில் கடையில் வாங்கிய வேறொரு மீட்டர் இருக்கும். அதன் முள் சில நாள் பூஜ்யத்தில் படுத்திருக்கும், சில நாள் உச்சியில் நிற்கும், சில நாள் ஆடும். ஓட்டுநரைக் கேட்டால், "அது அப்படித்தான் முதலாளி, அதைக் கண்டுக்காதீங்க" என்பார்.

இந்த ஒரு பேச்சில்தான் இன்ஜின் போகிறது. மீட்டரின் விலை சில நூறு ரூபாய். இன்ஜினைப் பிரித்து கிராங்க் ஷாஃப்ட், பேரிங், லைனர் என்று வேலை பார்த்தால் லட்சத்தைத் தாண்டும். அந்த நாட்களில் ஓடாத நடை, கட்ட வேண்டிய தவணை, சரக்கு சேராததால் மண்டியில் போகும் பேர், எல்லாம் தனிக் கணக்கு. ஒரே வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு அதுவே முதல், அதுவே வருமானம். ஆகவே இந்தச் சின்ன மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். நாங்கள் மெக்கானிக் அல்ல. பல வருடம் வண்டி வைத்து, பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதை வியாபாரிக்குப் புரியும் முறையில் சொல்கிறோம்.

அழுத்தம் எதைச் சொல்கிறது?

இன்ஜின் அடியில் உள்ள சம்ப்பிலிருந்து ஆயிலை பம்ப் உறிஞ்சி, ஃபில்டர் வழியாக கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், ராக்கர் ஆகியவற்றுக்கு அனுப்புகிறது. டர்போ உள்ள வண்டியில் அதற்கும் போகிறது. பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் மெல்லிய ஆயில் படலம் இருக்கும்வரை இரும்பும் இரும்பும் தொடுவதில்லை. படலம் போனால் சில நிமிடத்தில் பேரிங் உருகி ஒட்டிக்கொள்ளும். டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றக்கூடியது. அதற்கு அவ்வளவு நேரமும் கிடைக்காது.

மீட்டர் காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அளவைச் சொல்வது டிப் ஸ்டிக். ஆயில் நிறைய இருந்தும் பம்ப் வேலை செய்யாவிட்டால் அழுத்தம் இராது. ஆயில் பாதி குறைந்திருந்தும் சமதரையில் ஓடும்போது அழுத்தம் சரியாகவே காட்டலாம். வளைவிலும் பிரேக் போடும்போதும்தான் முள் விழும். ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும்.

பொதுவாக நல்ல டீசல் இன்ஜின் சூடேறியபின் ஐட்லிங்கில் 1 கிலோ அல்லது அதற்குச் சற்று மேலும், ஓட்டத்தில் 3 முதல் 5 கிலோ வரையும் காட்டும். சரியான எண் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். அந்த வண்டியின் புத்தகத்தில் உள்ளதே கணக்கு. மீட்டரில் கிலோ, பார், பி.எஸ்.ஐ. என்று மூன்று அளவு வரும். 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. கிலோவும் பாரும் ஏறக்குறைய ஒன்றே.

இரண்டு வகை மீட்டர்

முதல் வகை டியூப் மீட்டர். இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் டேஷ்போர்டு வரை வந்து, ஆயிலே மீட்டருக்குள் போகும். உள்ளே அரைவட்டமாக வளைந்த தட்டையான பித்தளைக் குழாய் ஒன்று உண்டு. அழுத்தம் ஏற ஏற அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளை நகர்த்தும். பிரான்ஸ் நாட்டு யூஜின் போர்டான் என்பவர் 1849-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி பாய்லருக்குப் பயன்பட்ட அதே தத்துவம் இன்றும் பஞ்சர் கடை கம்ப்ரசர் மீட்டர் வரை ஓடுகிறது. கரண்டு வேண்டாம், நம்பகமானது.

இரண்டாவது வகை கரண்டு மீட்டர். இன்ஜினில் ஒரு சென்சார் திருகியிருக்கும். அதற்குள் ஒரு சவ்வும், அது அசையும்போது மின்தடையை மாற்றும் அமைப்பும் உண்டு. அங்கிருந்து ஓர் ஒயர் மட்டும் மீட்டருக்கு வரும். சென்சார் தன் உடம்பின் மரை வழியாகவே எர்த் எடுத்துக்கொள்ளும். தடை எவ்வளவு என்பதைத்தான் மீட்டர் அழுத்தமாகக் காட்டுகிறது. இன்று கடையில் வாங்கிப் பொருத்துவதில் அதிகம் இந்த வகையே. கோளாறும் அதிகம் இதில்தான்.

ஜோடி பொருந்தாத சென்சார்

வெளிமீட்டர் பொய் சொல்ல முதல் காரணம் இதுதான். கரண்டு மீட்டரும் சென்சாரும் ஒரு ஜோடி. உலகச் சந்தையில் பரவலாக இரண்டு முறை உண்டு. ஐரோப்பிய முறையில் அழுத்தம் இல்லாதபோது சென்சார் 10 ஓம்ஸ் காட்டும், உச்சியில் 180 ஓம்ஸ் அளவுக்கு ஏறும். அமெரிக்க முறையில் நேர் எதிர்: அழுத்தம் இல்லாதபோது 240 ஓம்ஸ், உச்சியில் 33 ஓம்ஸ். ஒன்றின் மீட்டரோடு மற்றதன் சென்சாரை மாட்டினால் முள் தலைகீழாக நடக்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது உச்சியில் நிற்கும், ஸ்டார்ட் செய்தால் இறங்கும்.

இது உடனே கண்ணில் படும். கண்ணில் படாத பொருத்தமின்மை ஒன்று உண்டு, அதுவே ஆபத்து. ஒரே முறையில் 5 பார் சென்சாரும் உண்டு, 10 பார் சென்சாரும் உண்டு. இரண்டும் 10 முதல் 180 ஓம்ஸ் வரையே போகும். 10 பார் மீட்டருக்கு 5 பார் சென்சாரை மாட்டினால் எல்லாம் இரட்டிப்பாகக் காட்டும். உண்மையில் அரை பார் இருக்க, மீட்டர் 1 பார் என்று சொல்லும். ஓட்டுநர் நிம்மதியாக ஓட்டுவார், பேரிங் தேய்ந்துகொண்டே இருக்கும். மாற்றி மாட்டினால் எல்லாம் பாதியாகக் காட்டும். நல்ல இன்ஜினைப் பிரிக்கச் சொல்லிப் பட்டறைக்கு அனுப்பும். அரைப்படி குறைந்த படியும், கால்படி கூடிய படியும் ஒரே கடையில் புழங்கினால் கணக்கு என்னவாகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒயர் அறுந்தால் முள் எங்கே நிற்கும்?

இதை ஒவ்வொரு முதலாளியும் ஓட்டுநரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். 10–180 முறையில் தடை கூடினால் முள் ஏறும். ஒயர் அறுந்துபோனால் முள் உச்சிக்குப் போய் நிற்கும். எர்த் துருப்பிடித்தாலோ, சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தாலோ, தடை கூடி, உள்ளதைவிட அதிகமாகவே காட்டும். அதாவது இந்த வகை மீட்டர் கெட்டால் "எல்லாம் நல்லபடி இருக்கிறது" என்றுதான் பெரும்பாலும் பொய் சொல்லும்.

240–33 முறையில் ஒயர் அறுந்தால் முள் பூஜ்யத்துக்கு விழும். ஒயர் உரசி பாடியில் ஒட்டினால் உச்சிக்குப் போகும்.

எங்களுக்குத் தெரிந்த இரண்டு சங்கதிகளைச் சொல்கிறோம். ஒருவர் வண்டியில் முள் எந்நேரமும் முக்காலுக்கு மேலேயே நின்றது. "இன்ஜின் நல்ல கண்டிஷன்" என்று அதைக் காட்டியே பெருமை பேசுவார்கள். வத்தல் லோடோடு போகையில் ஃபில்டர் வாஷர் பிய்ந்து ஆயில் முழுக்க ரோட்டில் கொட்டியது. முள் இறங்கவே இல்லை. சத்தம் கேட்டு நிறுத்தியபோது இன்ஜின் ஜாம். சென்சார் ஒயர் பல நாட்களுக்கு முன்பே முனையில் அறுந்திருந்தது பிறகு தெரிந்தது.

இன்னொருவர் வண்டியில் புது மீட்டர் மாட்டிய மறுநாளிலிருந்து அழுத்தம் பாதியாகக் காட்டியது. பம்ப் போய்விட்டது, இறக்க வேண்டும் என்றார்கள். ஒரு பெரியவர், முதலில் டியூப் மீட்டர் ஒன்றை மாட்டிப் பாருங்கள் என்றார். பார்த்தால் அழுத்தம் சரியாக இருந்தது. சென்சார்தான் ஜோடி தப்பு. ஒரு வாரப் பட்டறை வாசம் மிச்சம்.

சோதனை வரிசை

1. ஓடும்போது முள் திடீரென விழுந்தால் மீட்டரைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் இன்ஜினைச் சந்தேகப்படுங்கள். ஓரம் கட்டி உடனே நிறுத்துங்கள். டிப் ஸ்டிக் பாருங்கள், அடியில் ஒழுகல் பாருங்கள். அழுத்தம் உண்டு என்று உறுதியாகும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. "பக்கத்து ஊர்வரை ஓட்டிப் போய்விடலாம்" என்பது இன்ஜினைக் காவு கொடுக்கும் யோசனை.

2. இன்ஜின் நின்றபின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். டியூப் மீட்டரில் பூஜ்யத்துக்குத் திரும்பாவிட்டால் உள்குழாய் வளைந்துவிட்டது, அல்லது வரும் குழாய் கசடால் அடைத்திருக்கிறது. குழாயைக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரியும்.

3. கரண்டு மீட்டரில் சாவியைப் போட்டு, இன்ஜினை ஓட்டாமல், சென்சாரில் உள்ள ஒயரைக் கழற்றுங்கள். பிறகு அந்த ஒயர் முனையை ஒரு கணம் இன்ஜின் பாடியில் தொடுங்கள். 10–180 முறையில் கழற்றினால் உச்சி, தொட்டால் பூஜ்யம். மற்றதில் நேர் எதிர். இரு கோடிக்கும் முள் போய் வந்தால் மீட்டரும் ஒயரும் சரி, சென்சார் பக்கம்தான் கோளாறு.

4. முள் அசையாவிட்டால் இதே சோதனையை மீட்டரின் பின்புற முனையிலேயே செய்யுங்கள். அங்கே அசைந்தால் நடுவில் ஒயர் போயிருக்கிறது. அங்கேயும் அசையாவிட்டால் மீட்டருக்குக் கரண்டு வருகிறதா, அதன் எர்த் சரியா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் மீட்டர் போய்விட்டது.

5. இரவில் ஹெட்லைட் போட்டால், இண்டிகேட்டர் போட்டால் முள் நகர்கிறதா? அது அழுத்தம் அல்ல, எர்த் கோளாறு. மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்து நல்ல இரும்பில் எர்த் கொடுங்கள். மரக்கட்டையிலும் பெயின்ட் அடித்த தகட்டிலும் திருகிவிட்டு எர்த் கொடுத்தாயிற்று என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

6. சில சென்சாரில் இரண்டு முனை உண்டு. 'ஜி' என்று போட்டது மீட்டருக்கு, 'டபிள்யூ.கே.' என்று போட்டது எச்சரிக்கை விளக்குக்கு. மாற்றிக் கொடுத்தால் மீட்டரும் பொய், விளக்கும் பொய்.

7. எல்லாம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் சென்சாரைக் கழற்றி அந்த மரையில் சோதனைக்கான டியூப் மீட்டர் ஒன்றை மாட்டுங்கள். ஆயில் ஆறியபின் கழற்ற வேண்டும், சூட்டில் கை வைக்கக் கூடாது. இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் ஐட்லிங்கிலும் ஓட்ட வேகத்திலும் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இதுதான் இறுதித் தீர்ப்பு. இந்தச் சோதனை இல்லாமல் எந்த இன்ஜினையும் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

மீட்டர் உண்மை சொன்னால்

சோதனை மீட்டரும் குறைவாகவே காட்டினால் கோளாறு இன்ஜினில்தான். சுருக்கமாகச் சொல்கிறோம். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்து டீசல் வாசம் அடித்தால், டீசல் கலந்து ஆயில் நீர்த்திருக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. குளிர்ந்தபோது சரியாகவும் சூடானபின் ஐட்லிங்கில் மட்டும் குறைவாகவும் காட்டினால், பேரிங் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். வேகம் கூட்டியும் ஏறாவிட்டால் பம்ப், ரிலீஃப் வால்வு, சம்ப் வடிகட்டி மூன்றையும் பார்க்க வேண்டும். அதிகமாகக் காட்டுவதும் நல்லதல்ல. ரிலீஃப் வால்வு சிக்கியிருக்கலாம்.

நம் கரிசல் தூசியும், கரி லோடு ஏற்றும் இடத்துத் தூசியும் இன்ஜினுக்குச் சத்துரு. ஏர் ஃபில்டர் ஒழுங்காக இல்லாவிட்டால் அந்தத் தூசி உள்ளே போய் ஆயிலில் கலந்து பேரிங்கை அரைக்கும். அளந்து ஊற்றும் லூஸ் ஆயிலும், பேர் தெரியாத ஃபில்டரும் இதற்குத் துணை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மீட்டரும் சென்சாரும் ஒரே கம்பெனியில், ஒரே பெட்டியில் வாங்குங்கள். நம் மாநிலத்திலேயே கோயம்புத்தூரில் 1975 முதல் பிரிகால் நிறுவனம் வாகன மீட்டர் செய்து வருகிறது. நல்ல சரக்குக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

வண்டி 12 வோல்டா, 24 வோல்டா என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். பெரிய லாரிகள் பலவற்றில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுத்திருப்பார்கள்.

மரை முக்கியம். எட்டில் ஒரு அங்குலம் என்று சொல்லும் மரையில் பி.எஸ்.பி. என்றும் என்.பி.டி. என்றும் இரண்டு உண்டு. ஒன்றில் அங்குலத்துக்கு 28 புரி, மற்றதில் 27 புரி. 10 மில்லி மரையும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும். தப்பான மரையும் இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். ஸ்பானரில் பலம் கொடுத்தால் இன்ஜின் பிளாக்கின் மரையே போகும். கையால் பல சுற்று போகாத மரையைத் திருகாதீர்கள்.

டயலின் அளவைப் பாருங்கள். போர்டான் மீட்டர்களுக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 3624 என்ற தரம் உண்டு. அதில் துல்லிய வகுப்பு 2.5 என்றால், டயலின் உச்ச அளவில் நூற்றுக்கு இரண்டரை கூடக் குறைய இருக்கலாம் என்று பொருள். 20 கிலோ டயல் வாங்கினால் அரை கிலோ பிழை. ஐட்லிங்கில் பார்க்க வேண்டியதே 1 கிலோதான். அதில் அரை கிலோ பிழை என்றால் எடைபோட்டு என்ன பயன்? 10 கிலோவுக்குள் உள்ள டயலே போதும்.

டியூப் மீட்டர் என்றால் செப்புக் குழாயை ஓரிடத்தில் சுருள் சுற்றி, அதிர்வு தாங்கும்படி விடச் சொல்லுங்கள். நைலான் குழாய் சைலன்சர் பக்கம் போனால் உருகிவிடும். கேபினுக்குள் கொதிக்கும் ஆயில் பீறிட்டால் ஓட்டுநர் கதி என்ன? குழாய் தகட்டில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும்.

புதிய வண்டிகளைப் பற்றி

2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ். 6 வண்டிகளில் சென்சாரின் செய்தி கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து மீட்டருக்கு வருகிறது. அதில் ஒயரை வெட்டி வெளிமீட்டர் சேர்ப்பது வம்பு. ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

கம்பெனி மீட்டர் என்பதாலேயே அது எண்ணைக் காட்டுகிறது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1980-களின் பிற்பகுதியிலிருந்து பல வண்டிகளில் சென்சாருக்குப் பதில் வெறும் சுவிட்சையே வைத்தது. சுமார் 6 பி.எஸ்.ஐ. தாண்டினாலே முள் நடுவில் போய் நிற்கும். 10 இருந்தாலும் 60 இருந்தாலும் அதே இடம்தான். முள் ஆடுகிறது என்ற வாடிக்கையாளர் புகார் நின்றது, விவரமும் நின்றது. ஆடாத முள் எல்லாம் நல்ல முள் அல்ல என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

விற்கும் உறுப்பினர்களுக்கு

உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தனி மீட்டர், தனி சென்சார் கேட்டு வருபவரிடம், "பழைய ஜோடி எது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கையில் மல்டிமீட்டர் ஒன்று வைத்து, சென்சார் சும்மா இருக்கும்போது 10 ஓம்ஸ் காட்டுகிறதா, 240 காட்டுகிறதா என்று பார்த்து, பெட்டிமேல் எழுதிக் கொடுங்கள். ஒரு நிமிட வேலை.

2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளுக்கான பொறுப்பு என்ற பகுதி உண்டு. செய்தவர் யார் என்று காட்ட முடியாத பொருளை விற்றால், அதனால் வரும் சேதத்துக்கு விற்றவரே பதில் சொல்ல நேரும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக லாரி வாங்கி ஓட்டுபவரும் அந்தச் சட்டத்தில் நுகர்வோரே. ஆகவே கம்பெனி பேர் இல்லாத, பில் இல்லாத சரக்கை அடுக்கில் வைப்பது நமக்கே கத்தி. பத்து ரூபாய் கூடுதல் லாபத்துக்காக இன்னொரு வியாபாரியின் இன்ஜினைப் பணயம் வைப்பது நம் தொழில் தர்மமும் அல்ல.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

கடைசியாக ஒரு வழக்கம். வண்டியில் ஒரு சின்ன நோட்டு போடுங்கள். வாரம் ஒரு நாள், வண்டி ஓடி வந்து நின்ற சூட்டில், ஐட்லிங்கில் மீட்டர் என்ன காட்டுகிறது, ரேஸ் செய்தால் என்ன காட்டுகிறது, டிப் ஸ்டிக் மட்டம் எங்கே என்று ஓட்டுநரை எழுதச் சொல்லுங்கள். ஆயில் மாற்றிய தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் அந்த வண்டியின் சுபாவம் தெரிந்துவிடும். மீட்டர் கால் கிலோ தப்பாகக் காட்டினாலும் பரவாயில்லை. எப்போதும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டினால் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வாராவாரம் இறங்கிக்கொண்டே வந்தால் அது இன்ஜின் பேசுகிறது, ஒரே நாளில் தாவினால் பெரும்பாலும் மீட்டரோ ஒயரோ பேசுகிறது. ஆனால் தாவல் கீழ்நோக்கி என்றால் முதல் விதியே விதி: நிறுத்து, பார், பிறகு ஸ்டார்ட்.

எழுதும் ஓட்டுநருக்குத் தீபாவளி போனஸில் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். முள் விழுந்ததென்று நடுவழியில் நிறுத்திப் போன் செய்பவரை, நேரமாகிறதென்று திட்டாதீர்கள். ஒரு தடவை திட்டினால் மறுதடவை நிறுத்த மாட்டார். கடையில் தராசுக்கு வருடந்தோறும் முத்திரை போட்டு வைக்கிறோம். லாரியின் தராசு அந்த மீட்டர். அடுத்த லோடு ஏறுமுன் ஒயரை ஒரு தடவை கழற்றி, முள் எங்கே போகிறதென்று பார்த்துவிடுங்கள்.